பிடியில் தேயாத தங்கம்

டிங். கோப்பை விளிம்பில் நகத்தால் ஒரே ஒரு சுண்டு. சுண்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் ராயப்பன். சத்தம் மெலிந்து மெலிந்து காற்றோடு போகிறவரை அசையவில்லை. "கேட்டீங்களாம்மா? கீறல் இருந்தா இப்படிப் பாடாதுங்க. மண்சட்டியத் தட்டின மாதிரி பொத்துனு நின்னுரும்." கேட்டேன் கேட்டேன் என்று தலையை ஆட்டுகிறேன். எனக்கென்ன தெரியும், எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். ஊட்டியிலும் குன்னூரிலும் துரைமார் விட்டுப்போன சாமான்களை விலை மதித்து விற்றுக் கொடுக்கிறவர், மேட்டுப்பாளையம் ரோட்டில் கடை வைத்திருக்கிறார் என்று பக்கத்து ஃபிளாட்டில் சொன்னார்கள். வரச் சொன்னேன், வந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் பழைய வேட்டி ஒன்றை மடித்து விரித்திருக்கிறேன். அதன் மேல் டீ ஜாடி, பால் குடுவை, ஆறு கோப்பை, ஆறு தட்டு. வெள்ளையென்றால் அப்படியொரு வெள்ளை, விளிம்பையொட்டி நீலப் பூக்கொடி, அதற்கும் மேலே மெல்லிசாக ஒரு தங்கக் கோடு. இங்கிலாந்துச் சாமான். இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வருகிறார், அவசரமே இல்லாத மனுஷன். ஆறாவது கோப்பையை நான்தான் ஜாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன், அவர் வருவதற்கு முன்னால், என்னவோ மேஜையில் இடம் போதாதது போல. ஜாடியை எடுத்தால் தெரியத்தானே போகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறேன், அதுவும் இந்த வயதில். எதுக்கு விக்கறீங்கம்மா என்று வந்தவுடன் கேட்டார். அலமாரியில் இடமில்லை என்றேன். ஓசூரில் இருக்கிற பையனிடமும் அதையேதான் சொன்னேன். பொய்யில்லை, இடமில்லைதான். ஆனால் இடத்துக்காகவா விற்கிறேன்? அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஒரு கோப்பை கண்ணில் படுகிறது, பட்டால் அன்றைக்குப் பூராவும் மனசு சரியில்லை, அதனால் விற்கிறேன். ஒன்றை மட்டும் விற்றால் எவரும் வாங்க மாட்டார், அதனால் ஆறையும் விற்கிறேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நம்புகிற கட்சி நான்.

காபி கொண்டுவருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குள் வருகிறேன். கை தானாக மேல் தட்டுக்குப் போகிறது. அங்கே பேப்பர் கப் அடுக்கு இருக்கிறது. பிளம்பர், சிலிண்டர் போடுகிறவர், கூரியர் கொண்டுவருகிறவர் எல்லாருக்கும் அதுதான். சுகாதாரம் என்று அதற்குப் பெயர், கழுவுகிற வேலை மிச்சம் என்று இன்னொரு பெயர். கையைப் பாதி வழியில் திருப்பி எவர்சில்வர் டம்ளரை எடுக்கிறேன், நல்ல டம்ளர், பிரமநாயகி என்று என் பெயர் வெட்டியது. எடுத்ததும் எனக்கே என்மேல் ஒரு பெருமை. பார்த்தாயா பிரமநாயகி, நீ உன் அம்மா இல்லை. வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று முதல் பக்கத்தில் அச்சடித்த புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நாளும் வகுப்பு எடுத்ததில்லை. திறந்தேன், அந்தப் பக்கத்தைத் தாண்டிப் பாடத்துக்குப் போனேன், அது வேறு விஷயம். தூக்கிக் குடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு டம்ளரில் உதடு பட்டால் எச்சில். அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும், வாய் வைத்துக் குடித்தால் முதுகில் ஒன்று விழும். நான் ரயிலில், கல்யாண வீட்டில், டீச்சர்கள் அறையில், எங்கேயும் எல்லாரையும் போல வாய் வைத்துத்தான் குடிக்கிறேன். அதையெல்லாம் எப்போதோ விட்டாச்சு. டம்ளரை ராயப்பன் முன்னால் வைக்கிறேன். ஆற்றாமல் அப்படியே வாய் வைத்து உறிஞ்சுகிறார். அதை நான் ஏன் பார்க்கிறேன்? பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கிறேன்.

இரண்டாவது கோப்பைக்குள் செல்போன் டார்ச்சை அடிக்கிறார். வெளியே பிடித்திருக்கிற விரல்களின் நிழல் உள்ளே தெரிகிறது. "நிழல் தெரியுது பாருங்க. எலும்பு கலந்த பீங்கான், அதான் இவ்வளவு சன்னம்." எலும்பு. இந்த ஒரு சொல்லால்தான் எல்லாம். வால்பாறைக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் அப்பா ஹெட் கிளார்க். துரை எல்லாவற்றையும் ஒழித்துக்கொண்டு சீமைக்குப் போன அன்று, பெட்டியோடு இதை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதைத் தலைச்சன் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தார். அம்மாவுக்கும் ஆசைதான், ஒரு கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா சும்மா இருந்திருக்கலாம். பங்களா பட்லர் சொன்ன பெருமையை அப்படியே ஒப்பித்தார்: மாட்டு எலும்பைச் சுட்டுப் பொடி பண்ணிச் சேர்த்தால்தான் இந்த வெள்ளை வருமாம். அம்மா கோப்பையைக் கீழே வைத்த வேகத்தில் அது உடையாதது ஆச்சரியம். "சிவ சிவா! எலும்பா? எதுக்கு இந்தப் பாவத்தச் சுமந்துட்டு வந்திய? அடுக்களைக்குள்ள இது வரப்படாது, சொல்லிட்டேன்." நாங்கள் திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார், முட்டை என்ற சொல்லையே மெதுவாகச் சொல்லுகிற வீடு. ஆகவே துரையின் டீ சாமான் பின்கட்டு அலமாரிக்குப் போயிற்று. அப்பாவைப் பார்க்க வருகிற டாக்டர், போஸ்ட்மாஸ்டர், லாரி முதலாளி இவர்களுக்கு முன்னறையில் ஐந்து கோப்பை. அதுவும் எப்போதாவதுதான். பித்தளை என்றால் புளி போட்டுத் துலக்கிவிடலாம், பீங்கான் எச்சிலை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், போகவே போகாது என்பது அம்மாவின் சட்டம். அந்தச் சட்டப்படி ஆறாவது கோப்பை இருளாயிக்கு. எங்கள் குவார்ட்டர்ஸ் முற்றம் பெருக்கி, கக்கூஸ் கழுவி, விறகு பிளந்து போட்டவள். அவளுக்கு அதுவரை ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. கொட்டாங்கச்சி போய் இங்கிலாந்துக் கோப்பை வந்தது. ஊரில் எந்த எஜமானி அம்மாளும் இப்படிச் செய்திருக்க மாட்டாள், பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

டிங், டிங். ஐந்தும் தேறிவிட்டன. புதுசு மாதிரி இருக்கு என்கிறார், ஒரு தட்டில் மட்டும் கத்தி பட்ட கோடு, அது பரவாயில்லையாம். ஜாடியைத் தூக்குகிறார். வந்துவிட்டது. ஆறாவதைக் கையில் எடுத்தவர் சுண்டவில்லை, நெற்றியைச் சுருக்குகிறார். "இது வேற செட்டுங்களா?" இல்லை, அதேதான் என்கிறேன். கவிழ்த்துப் பார்க்கிறார், அடியில் அதே கிரீட முத்திரை. கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவுகிறார், மெதுவாக, குழந்தையின் ஈறைத் தடவிப் பல் முளைத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "வாய்ல ஒரு பொட்டுத் தங்கம் இல்லீங்களே. சொரசொரங்குது. எதையோ போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கவுத்தி வெச்சிருக்காங்க." சாம்பல், ஐயா. சாம்பலும் தேங்காய் நாரும். நல்லாத் தேய்ச்சுக் கழுவிக் கவுத்தி வையி என்று அம்மா தினமும் சொல்லுவாள், இருளாயியும் தினமும் தேய்த்து, பின்சுவர் மாடத்தில் சிமெண்டு மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். இதைச் சொல்லவில்லை. அவர் மேலே போகிறார். "ஆனா பாருங்க, பிடியில தங்கம் அப்படியே இருக்குது. இவ்வளவு குடிச்சவங்க பிடியில விரலே விடாமயா குடிச்சாங்க? எனக்கே புதுசா இருக்குங்க. யாருங்கம்மா இத யூஸ் பண்ணினது?" பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. நாலே எழுத்து, அவ்வளவுதான். தெரியலையே என்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, நெஞ்சு குறுகுறுக்கிறது, வாய் மட்டும் சாவதானமாகத் தெரியலையே என்கிறது. "துரையாத்தான் இருக்கும்" என்கிறார். இருக்கலாம் என்கிறேன். இருக்கலாமாம்! அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீன்னா இதாங்கம்மா செட்டுலயே உசத்தி. சும்மா தேஞ்ச கப்புன்னா ஒதுக்கிருவாங்க. கதை இருந்தா தேஞ்சதுக்குத்தான் மதிப்பு. குன்னூர்ல ஒரு பழைய பங்களாவ ஓட்டலாக்கறாங்க, அவங்களுக்கு இந்த மாதிரிதான் வேணும். துரை தினமும் காலைல வராண்டால உக்காந்து, குளிருக்கு ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக் குடிச்ச கோப்பை. அதான் பிடி தேயல. கண்ணாடிப் பெட்டில வெச்சு, கீழ ஒரு அட்டை எழுதி வெச்சுருவாங்க. இருங்க, போன் பண்ணிட்டு வர்றேன்." பால்கனிக்குப் போய்விட்டார்.

இரண்டு கையாலும் பொத்தி. எப்படிக் கண்டுபிடித்தார்? எல்லாம் சரி, ஆள் மட்டும் தப்பு. பனி இறங்கின காலையில் பின்படிக்கட்டில் கோப்பையை வைத்துவிட்டு இருளாயி தள்ளி நிற்பாள். நான் செம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவேன், மேலே இருந்து, செம்பின் வாய் கோப்பையின் வாயில் பட்டுவிடக் கூடாது. ஊற்றுவது என் வேலை, சின்ன வயதிலேயே எனக்கு நல்ல குறி, ஒரு சொட்டு வெளியே சிந்தாது என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். நான் விலகியதும் அவள் வந்து எடுப்பாள். பிடியைத் தொடவே மாட்டாள். "இந்தக் காது எதுக்கு பாப்பா?" என்று கேட்டாள் ஒருமுறை. விரல் விட்டுப் பிடிக்க என்றேன். "சூடு கையில ஏறாதே அப்புறம்" என்றாள். இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து, முதலில் இந்தக் கன்னத்தில், பிறகு அந்தக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வாள். அதற்கப்புறம்தான் வாய். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை விளிம்பில் வைத்து உறிஞ்சுவாள், நல்ல சத்தமாக. எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்களுக்கெல்லாம் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு தொண்டை வெந்ததுதான் மிச்சம், காபியை அப்படி அனுபவித்துக் குடித்தவள் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. துரையாம். துரை இப்படியா குடித்தார்? அப்பா ரிட்டயர் ஆகிக் கோயம்புத்தூருக்குக் கிளம்புகிற அன்று சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். பழைய பேப்பரில் ஒவ்வொரு கோப்பையாகச் சுற்றிக்கொண்டிருந்தேன், தாவணி போட்ட பெண், விவரம் தெரிந்த வயசு. இருளாயி பின்படியில் நின்றுகொண்டு, "அம்மா, ஏங் கோப்பைய எங்கிட்டயே குடுத்துட்டுப் போங்கம்மா" என்றாள். அவள் வாய்விட்டுக் கேட்ட ஒன்று அதுதான், அதற்கு முன்னால் ஒரு பழஞ்சேலைகூடக் கேட்டதில்லை. அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அது செட்டுல உள்ளதுல்லா. ஒண்ணக் குடுத்துட்டா செட்டு உடைஞ்சிரும்." அத்தனை வருஷமும் சுவர் மாடத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடந்த கோப்பை அந்த ஒரு நாளில் செட்டில் சேர்ந்துவிட்டது. இருளாயி கோபப்படவில்லை. "அதுவுஞ் சரிதாம்மா" என்றாள். போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் படியில் வைத்தாள். "ஏட்டி பிரமு, சேலையால தொடச்சிருக்கா, ஒரு செம்புத் தண்ணி ஊத்திட்டு எடு" என்று அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். அவள் இன்னும் முற்றத்தில்தான் நின்றாள், காது கேட்காதவள் இல்லை. நான் ஊற்றினேன். குறி தப்பவில்லை. பிறகு அவள் எந்தத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தாள், எப்போது செத்தாள், பிள்ளைகள் உண்டா, எதுவும் தெரியாது. விசாரித்ததில்லை. யாரிடம் விசாரிப்பது என்று சொல்லிக்கொள்வேன். விசாரிக்கிறவளுக்கு ஆளா கிடைக்காது?

ராயப்பன் உள்ளே வருகிறார், சிரித்த முகம். "முடிஞ்சுதுங்க. ஆறும் வேணும்னுட்டாங்க, அந்தத் தேஞ்ச கப்ப முதல்ல அனுப்பச் சொல்றாங்க. அட்டைல எழுதணுமாம், துரை பேரு ஞாபகம் இருக்குங்களா?" ஞாபகம் இருக்கிறது. நன்றாக இருக்கிறது, அப்பா சாகிறவரை அந்தப் பெயரைச் சொல்லாத நாளில்லை. சொல்லிவிட்டால் முடிந்தது. பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார், குன்னூரில் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடும், என் கண்ணில் படாது, இதற்குத்தானே இவரைக் கூப்பிட்டேன். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்த்து, அடேயப்பா துரையின் வாய் பட்டுத் தேய்ந்த தங்கம் என்று போட்டோ எடுப்பார்கள். கேட்டபோது கோப்பையைக் கொடுக்கவில்லை. இப்போது அவள் வாயையும் எடுத்துத் துரைக்குக் கொடுக்கிறேன். அம்மாகூட இவ்வளவு செய்யவில்லை. அம்மா தண்ணீர்தான் ஊற்றச் சொன்னாள், அழிக்கச் சொல்லவில்லை. "அதை மட்டும் கொடுக்கலைங்க" என்கிறேன். குரல் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் இவ்வளவு உரக்க நான் பேசுவதில்லை. "ஏங்கம்மா?" "அது துரை கோப்பை இல்ல. எங்க எஸ்டேட் வீட்டுல வேலை பார்த்த இருளாயியோட கோப்பை. அவ குடிச்சுத் தேஞ்சது." சொல்லிவிட்டேன். உடம்பெல்லாம் லேசாகிறது. ராயப்பன் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார், பிறகு அவர் கண்ணில் ஒரு மரியாதை வருகிறது, ஐயோ, மரியாதை. "வேலை செய்யறவங்களுக்கு இங்கிலீஷ் கப்புல காபியா! அந்தக் காலத்துல யாருங்கம்மா செஞ்சாங்க? உங்கம்மா பெரிய மனசுக்காரங்கதான்." இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறக்கிறேன். இன்னும் கொஞ்சம் காபி தரட்டுமா என்று கேட்கிறேன். வேண்டாங்க என்கிறார். ஐந்தையும் துணியில் சுற்றிக்கொண்டே முனகுகிறார். "ஒண்ண எடுத்துட்டா செட்டு உடைஞ்சுருங்களேம்மா. யோசிச்சுக்குங்க." உடைஞ்சா உடையட்டும் என்கிறேன். அவர் படி இறங்குகிற சத்தம் தேய்கிறவரை கதவருகேயே நிற்கிறேன்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. வேட்டி விரித்த மேஜையில் அது ஒன்றுதான். நல்ல காரியம் செய்திருக்கிறாய் பிரமநாயகி, லேட்டுதான், ஆனாலும் செய்துவிட்டாய். இனிமேல் என்ன? திரும்ப அலமாரிக்கா? கூடாது. இனி இதில்தான் காபி, காலையும் சாயங்காலமும், சாகிறவரை. தீர்மானம் பண்ணினவுடனே செய்துவிட வேண்டும். கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வருகிறேன். வாசற்படியைத் தாண்டும்போது தோன்றுகிறது, இது அடுக்களைக்குள் வருவது இதுதான் முதல் தடவை. அம்மா மாலை போட்ட படத்துக்குள் இருக்கிறாள், இருக்கட்டும். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், அலமாரித் தூசி. இன்னொரு தடவை கழுவுகிறேன், தூசிதான். டிகாக்‌ஷன் மிச்சம் இருக்கிறது. பால் காய்ந்ததும் கலந்து கோப்பையில் ஊற்றுகிறேன், பாத்திரத்தைத் தாழ்த்தி, விளிம்பில் முட்டும்படி வேண்டுமென்றே தாழ்த்தி ஊற்றுகிறேன். கணீர் என்று இடித்தது. எவ்வளவு நல்ல சத்தம். பால்கனி நாற்காலியில் உட்காருகிறேன். பிடியில் விரல் விடவில்லை. இரண்டு கையாலும் பொத்துகிறேன், சூடு ஏறுகிறது, இருளாயி சொன்னது சரிதான். இந்தக் கன்னத்தில் ஒற்றுகிறேன். அந்தக் கன்னத்தில். கண்ணில் தண்ணீர் வருகிறது, வரட்டும், நான் இவ்வளவு நாள் தூக்கிச் சுமந்தது எதுவோ இறங்குகிறது. தங்கம் போன இடத்தில்தான் வாய் வைக்க வேண்டும். உதட்டருகே கொண்டுவருகிறேன். காபி மணக்கிறது. குடி. சூடாக என்னவோ மோவாயில் விழுந்து கழுத்தில் வழிந்து ஜாக்கெட்டுக்குள் இறங்குகிறது. என்ன இது? சேலை முன்பக்கமெல்லாம் காபி. மேலே பார்க்கிறேன், மேலே ஏன் பார்க்கிறேன், தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. கோப்பை என் வாய்க்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது, இரண்டு கையும் அதைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. இறக்குகிறேன். ஏதோ கை தவறிவிட்டது, வயசாகிறது, நடுக்கம். இன்னும் பாதி இருக்கிறது. விளிம்பில் வழிந்த காபிதான் இருக்கிறது, என் உதடு பட்ட தடம் எங்கேயும் இல்லை. மறுபடி எடுக்கிறேன். இந்தத் தடவை மெதுவாக, என் கையையே பார்த்துக்கொண்டு, விரல் விரலாகப் பார்த்துக்கொண்டு எடுக்கிறேன். கழுத்து அண்ணாந்துவிட்டது.